தன்வரலாறு வெளியிடுவோர் அச்சமும் அவாவும்

ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி, அதனைத் தம் காலத்தவர் கையிலேயே கொடுப்பது எம்மொழியினும் எளிய செயலன்று. மறைவாக இருந்தவை வெளிப்படுமோ, உற்றார் உளம் வருந்துமோ, முதுமையில் நினைவு பிறழ்ந்து பொய்யுரைத்த பழி வருமோ என்னும் அச்சங்கள் அத்தகையோர் அனைவர்க்கும் பொது. தமிழ்ப் புலவர்க்கோ இவற்றுக்கெல்லாம் முற்பட்டு நிற்கும் அச்சம் ஒன்று உண்டு. தம்மைப் பற்றித் தாமே பேசுதற்குத் தமக்கு உரிமை உண்டோ என்பதே அது. இவ்வச்சம் வெறும் நாணத்தின்பாற் பட்டதன்று. இலக்கண நூலின் விதியாலேயே வளர்க்கப்பட்டதாகும். அவ்விதியின் நிழலில் நின்று, டாக்டர் உ. வே. சாமிநாதையர் தம் 'என் சரித்திர'த்தை எவ்வாறு எழுதத் துணிந்தார், அத்துணிவுக்கு அவர் கண்ட வழி யாது, அவ்வழி அவரை எங்குக் கைவிட்டது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நன்னூலார் பொதுப்பாயிரம் சிறப்புப்பாயிரம் இரண்டினையும் வகுத்துரைக்குமிடத்து, பிறர் காணாதனவற்றையெல்லாம் கண்டு பல துறைகளையும் முடித்த பேரறிஞனே ஆயினும் அவன் தன்னைத் தானே புகழ்தல் தகாது என விலக்குகின்றார். ஆகவே ஒரு நூலுக்குப் பாயிரம் உரைப்போர் பிறராதல் வேண்டும். ஆசிரியன், உடன் கற்றோன், மாணாக்கன், தக்க உரைகாரன் ஆகிய நால்வரே அதற்கு உரியர். நூலாசிரியன் தன் பெயரையும் தன் ஊரையும் தன் நூற்சிறப்பையும் தானே கூறும் இடர்ப்பாட்டினின்று இவ்வாறு காக்கப்படுகின்றான்.

எனினும் பவணந்தியார் உலகியல் அறியாதவர் அல்லர். விலக்கினை விதித்த அவரே அதற்குப் புறனடையும் கூறினார். வேந்தன் அவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதாரிடையே நிற்கும்போதும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதும், மாற்றான் தன்னைப் பழித்தபோதும் புலவன் தன்னைப் புகழ்தல் தகும் என்பது அவர் கருத்து. தற்காப்பின் பொருட்டும் அறியாமையை நீக்குதற்பொருட்டும் நிகழும் தன்கூற்று குற்றமாகாது என இதனாற் பெற்றாம். தமிழில் பிற்காலத்து எழுந்த தன்வரலாறுகள் பலவும் இந்நான்கு வாயில்களுள் ஏதேனும் ஒன்றன் வழியாகவே புகுந்திருத்தலை நோக்குங்கால், அவற்றின் ஆசிரியர் நன்னூலை மனத்துட் கொண்டிருந்தார் எனினும் இலரெனினும், அந்நூற்பாவின் உள்ளுணர்வு நம் மரபில் எத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது என்பது விளங்கும்.

பண்டைப் புலவர் தம்மைப் பற்றி முற்றும் பேசாதிருந்தனர் என்று கொள்ளுதலும் பொருந்தாது. புறநானூற்றுப் பிசிராந்தையார் தம் மனைவி மக்கள், ஏவலர், தம் வேந்தன், தம் ஊர்ச் சான்றோர் ஆகியோரைப் பற்றி வெளிப்படையாகப் பேசுகின்றார். ஆனால் ஆண்டு பலவாகியும் நரை தோன்றாமைக்குக் காரணம் யாது எனப் பிறர் வினவியமையாலேயே அவர் வாய் திறந்தார். அவர் கூறிய விடையிலும் தம் பெருமை ஒன்றும் இல்லை. தம்மைச் சூழ்ந்தோரின் பெருமையே உண்டு. திருத்தொண்டத்தொகை பாடிய சுந்தரர் அடியார் வரிசையின் இறுதியில் தம் தாய் தந்தையர் பெயரையும் தம்மையும் வைத்தார். அவ்விடத்தும் அடியார்க்கு அடியன் என்னும் நிலையே பேச்சுக்கு உரிமை தந்தது. கம்பர் தம்மைப் பாற்கடலை நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையாக உரைத்ததும் நாம் அறிந்ததே. அவையடக்கம் என்பது நூல் வெளியிடுவோன் அச்சத்துக்கு மரபு சமைத்துத் தந்த சடங்கு எனலாம். வினவப்பட்டமையாற் பேசுதல், பெரியோர் ஒருவரைச் சார்ந்து பேசுதல், தன்னைத் தாழ்த்திப் பேசுதல் என்னும் இவை ஐயர் நூலை நோக்குங்கால் மீண்டும் நம் நினைவுக்கு வரும்.

ஈண்டு ஒரு மறுதலையையும் குறித்தல் நலம். புதுச்சேரியில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். ஆளுநர் துய்ப்ளேயைப் பற்றியும் அவர் மனைவியைப் பற்றியும் அவர் எழுதியுள்ள செய்திகளில் ஒளிவு மறைவு சிறிதும் இல்லை. அக்குறிப்புகள் 1846-இல்தான் கண்டெடுக்கப்பட்டன; 1904 முதல் ஆங்கில மொழிபெயர்ப்பாகவும், 1948 முதல் தமிழிலும் அச்சேறின. அச்சு என்பதனையே எண்ணாது எழுதியமையால் பிள்ளைக்கு அச்சமும் இல்லையாயிற்று. (சொல் இரண்டும் ஒலியால் நெருங்கி நிற்பது தற்செயலே, ஆயினும் பொருள் பொதிந்த தற்செயல்.) ஆகவே நாம் ஆராயும் அச்சம் வெளியிடுதலால் விளைவதேயன்றி எழுதுதலால் விளைவதன்று என்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டு நூல்கள் அச்சிற்கு வந்தபோது, புலவர்தம் தன்வரலாறு முதற்கண் எங்குத் தலைகாட்டியது? பதிப்புரைகளிலேயே. சி. வை. தாமோதரம் பிள்ளையின் பதிப்புரைகளைப் படிப்போர், பழஞ்சுவடிகளைத் தேடியலைந்த ஒருவரின் துயரையும் சினத்தையும், தமிழ்நாட்டார்பால் அவர் வைத்த முறையீட்டையும் அவற்றிற் காண்பர். ஐயரின் முகவுரைகளும் அத்தகையனவே. ஏடு கொடுத்து உதவினோர் பெயர்களை நிரல்படக் கூறி நன்றி செலுத்துமிடத்து ஒரு மனிதரின் பயணமும் உழைப்பும் தாமே புலப்படுகின்றன. பதிப்பாசிரியன் நூலின் ஆசிரியன் அல்லன். பிறர் நூலுக்குப் பாயிரம் உரைப்பவன். ஆதலின் அவன் 'யான் அங்குச் சென்றேன், இன்னது பெற்றேன்' என்று கூறினும் விதிக்கு முரணாகாது. பழநூலின் மறைவில் நின்று தம்மைப் பற்றிப் பேசும் இவ்வழியிலே ஐயர் ஏறத்தாழ அறுபதாண்டு பழகியிருந்தார்.

1940 ஜனவரியில் 'ஆனந்த விகடன்' வார இதழில் 'என் சரித்திரம்' தொடங்கியபோது ஐயர் எண்பத்தைந்து வயது நிரம்பும் தறுவாயில் இருந்தார். சிந்தாமணி (1887), பத்துப்பாட்டு (1889), சிலப்பதிகாரம் (1892), புறநானூறு (1894), மணிமேகலை (1898) முதலாய பதிப்புகளால் அவர் புகழ் எல்லையெய்தியிருந்தது. 1906-இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றிருந்தார். தம் ஆற்றலை அறியாதாரிடையே நிற்றல் என்னும் புறனடை இத்தகையார்க்குப் பொருந்துமோ என ஐயுறலாம். பொருந்தும் என்பதே எம் கருத்து. வார இதழின் வாசகர் சிந்தாமணிப் பதிப்பைக் கண்டவர் அல்லர். அவர்தம் உலகில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்னும் பெயர் மங்கிவிட்டது. மடங்களின் ஆதரவில் குருகுல முறையில் தமிழ் கற்ற காலம் அவர்க்கு ஒரு கதையே. அறியாதார் அறிய வேண்டியது தம் ஆற்றலையன்று, தம் ஆசிரியர் ஆற்றலையும் அக்காலத்தின் இயல்பையும் என ஐயர் அவ்விதியைச் சற்றே திருப்பிக்கொண்டார்.

நூலின் தொடக்கமே இதற்குச் சான்று. ஐயர் தம் பிறப்பினின்று தொடங்கவில்லை. உத்தமதானபுரம் என்னும் ஊர் தோன்றிய கதையினின்று தொடங்குகின்றார். தஞ்சை அரசர் ஒருவர் ஏகாதசி விரதத்தை மறந்து தாம்பூலம் தரித்துக்கொண்டார். அப்பிழைக்குக் கழுவாயாக நாற்பத்தெட்டு அந்தணர்க்கு வீடும் நிலமும் வழங்கி அவ்வூரை அமைத்தார் என்பது அக்கதை. ஊரின் பின் முன்னோர். முன்னோரின் பின் பாட்டனார். தந்தையார் வேங்கட சுப்பையர்க்கு இசை கற்பித்த கனம் கிருஷ்ணையர்க்கும் உரிய இடம் உண்டு. அத்தியாயங்கள் பல கடந்த பின்னரே கதைத்தலைவர் பிறக்கின்றார். பெருங்காப்பியத்தில் நாட்டுப்படலமும் நகரப்படலமும் முன்வர, தலைவன் பின்வருதல் போன்றதோர் அமைப்பு இது. இது காப்பியப் பயிற்சியால் வந்ததென்று மட்டும் கூறுதல் போதாது. 'யான்' என்னும் சொல்லைக் கூடியமட்டும் தாழ்த்தி வைக்க விரும்பும் ஒருவரின் கூச்சமும் அதில் உண்டு எனக் கருதுகின்றோம்.

மற்றொரு சான்று இன்னும் வலியது. தன்வரலாறு எழுதுதற்கு முன் ஐயர் தம் ஆசிரியர் வரலாற்றை எழுதி முடித்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் சரித்திரம் 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. 1871 முதல் 1876-இல் பிள்ளையவர்கள் மறையும்வரை உடனிருந்து கற்ற மாணாக்கர் அந்நூலில் ஒரு பாத்திரமாகவே உலவுகின்றார். கோபாலகிருஷ்ண பாரதியார், கனம் கிருஷ்ணையர், மகா வைத்தியநாதையர் ஆகியோர் வரலாறுகளும் 1936-இல் வந்தன. பிறர் வரலாறுகளையெல்லாம் எழுதித் தீர்த்த பின்னரே, கடனடைத்தவன் தன் கைப்பொருளை எண்ணுதல் போல, தம் வரலாற்றில் கை வைத்தார். அவ்வாறு வைத்த பின்னும் பிள்ளையவர்கள் இருக்கும்வரை நூலின் நடுவிடம் அவர்க்கே உரியது. மாணவனுக்கு வேங்கடராமன் என்னும் பெயர் அமைந்திருக்க, வேறு பெயருண்டோ என ஆசிரியர் வினவி, சாமிநாதன் என்னும் பெயரால் அழைக்கத் தொடங்கிய நிகழ்ச்சியை நோக்குக. நூலின் முகப்பில் இன்று நாம் காணும் ஆசிரியர் பெயரே மற்றொருவர் விருப்பத்தால் நிலைத்தது! தற்புகழ்ச்சிக்கு இடம் எங்கே?

பிள்ளையவர்கள் மறைந்த பின் எழுதப்பட்ட பகுதிகளில் இவ்வரண் இல்லை. ஆண்டு வேறோர் உபாயத்தைக் காண்கின்றோம். வித்துவான் தியாகராச செட்டியாரின் துணையால் 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரான ஐயர், அவ்வாண்டு அக்டோபரில் அந்நகரில் முன்சீபாக இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைக் காணச் செல்கின்றார். தாம் பிள்ளையவர்களிடம் கற்றதைச் சொல்கின்றார், முதலியார் வியக்கவில்லை. தாம் கற்ற அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், கோவைகள், புராணங்கள் ஆகியவற்றை அடுக்குகின்றார். இவற்றையெல்லாம் படித்தமையால் வந்த பயன் யாது என்னும் பொருள்பட முதலியார் கேட்கின்றார். பின்னர்ச் சிந்தாமணியைப் படித்ததுண்டோ என வினாவெழுகின்றது. இல்லையென ஒப்புக்கொள்ள வேண்டிய நிலை.

தமிழ்ப்பதிப்பு வரலாற்றிலேயே பலரும் எடுத்தாளும் காட்சி இதுவாகலாம். இதனை நமக்குக் கூறியவர் ஐயரேயன்றிப் பிறரல்லர். அங்கு உடனிருந்து எழுதி வைத்தார் எவரும் இலர். விரும்பின் அதனை மறைத்திருக்கலாம்; மறைத்தாரெனினும் நாம் அறியும் வழியில்லை. பழந்தமிழை மீட்டவர் என உலகம் போற்றும் ஒருவர், அப்பழந்தமிழை அறியாது நின்ற நாளைத் தம் வாழ்வின் திருப்பமாக அமைத்துக் காட்டியது தற்செயல் அன்று. சமண நூற்கருத்துகள் விளங்காமல் கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டறிந்ததையும் அவர் இவ்வாறே விரித்துரைக்கின்றார். கற்பித்ததைக் காட்டிலும் கற்றதை மிகுத்துச் சொல்லுதல் அவர் கொண்ட முறை. ஆசிரியர் பதவியில் நாற்பதாண்டு அளவும் இருந்தவர் தம் கதையில் மாணாக்கராகவே இருக்கின்றார். பூனையும் பாற்கடலும் என்ற பழைய அவையடக்கம் உரைநடையில் பெற்ற புதுவடிவம் எனின் மிகையாகாது.

இனி, வார இதழில் தொடராக எழுதுதலின் இயல்பையும் நோக்குதல் வேண்டும். நூலாக எழுதுவோன் முழுமையும் எழுதி, திருத்தி, வேண்டாதன களைந்து, மனம் அமைந்த பின் வெளியிடுவான். தொடர் எழுதுவோனுக்கு அவ்வமைதி இல்லை. சென்ற வாரம் அச்சேறியதை இவ்வாரம் மாற்ற இயலாது. காந்தியடிகள் 'நவஜீவன்' வார இதழில் தம் சத்திய சோதனையை 1925-இல் தொடங்கியபோது, அன்பர் ஒருவர் தடுத்தமையை அந்நூல் முன்னுரையிலேயே கூறுகின்றார். தன்வரலாறு மேனாட்டார் வழக்கு என்பது அவ்வன்பர் கூறிய தடைகளுள் ஒன்று. இன்று கொண்ட கொள்கையை நாளை விடுவீராயின், உம் எழுத்தைப் பின்பற்றினோர் கதி யாது என்பது மற்றொன்று. கொள்கையைப் பற்றிய இவ்வச்சம் ஐயர்க்கு இல்லை. அவர் கொள்கை எழுதியவர் அல்லர். ஒவ்வொரு வாரமும் ஒரு நிகழ்ச்சியை எடுத்து, அதனை அவ்வத்தியாயத்துள்ளேயே முடிப்பது அவர் வழக்கம். முதுமையிலும் கை தளராது அப்பணி நிகழ அணுக்க மாணாக்கர் கி. வா. ஜகந்நாதன் உடனிருந்து துணைசெய்தார்.

ஆயினும் ஒரு சிக்கல் உண்டு. தாழ்வுரைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும் முறை, தனக்கு நேர்ந்த தாழ்வைச் சொல்லுமிடத்துப் பயன்படும். தனக்கும் பிறர்க்கும் இடையே நிகழ்ந்த போட்டியைச் சொல்லுமிடத்துப் பயன்படாது. சிந்தாமணியைப் பதிப்பிக்கத் தாமோதரம் பிள்ளையும் எண்ணியிருந்தார். ஐயர்பாலிருந்த கைப்பிரதியை வேண்டினார். ஐயர் அதனைத் தர உடன்படவில்லை. இந்நிகழ்ச்சியை ஐயர் எழுதியபோது தாமோதரம் பிள்ளை மறைந்து நாற்பதாண்டு ஆகிவிட்டது. பிள்ளை 1901-இலேயே காலமானார். தம் பக்கத்தைக் கூற அவர் தன்வரலாறு ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ஆகவே இருவர் வழக்கில் ஒருவர் வாய்மொழியே நமக்குக் கிடைப்பதாயிற்று. ஐயர் கடுஞ்சொல் கூறினார் அல்லர். எனினும் மறுமொழி கூறுவார் இல்லாத அவையில் மென்சொல்லும் தீர்ப்பாக நின்றுவிடும். பிற்கால ஆராய்ச்சியாளர் இப்பகுதியை ஐயுற்று நோக்கியதும், தாமோதரம் பிள்ளையின் பதிப்புத் தொண்டினை முன்னிறுத்தி வாதிட்டதும் இயல்பே. ஐயர் பக்கத்தை முற்றத் தள்ளுவாரோடு யாம் உடன்படுகிலோம். முற்றக் கொள்வாரோடும் உடன்படுகிலோம்.

அறுபதாண்டுக்கு முன் நிகழ்ந்தவற்றை இத்துணை நுணுக்கமாக நினைவுகூர்தல் இயலுமோ என்பதும் சிலர் எழுப்பும் ஐயம். உரையாடல்களைச் சொல்லுக்குச் சொல் கொள்ளுதல் தவறு. அவை ஐயர் நடையில் ஐயர் அமைத்தவை. ஆனால் நாளும் இடமும் பெயரும் வெறும் நினைவை மட்டும் பற்றி நின்றன அல்ல. ஐயர் தமக்கு வந்த கடிதங்களைப் பேணி வைத்தவர். அவர் பெயரால் 1943-இல் தோன்றிய நூல்நிலையத்தில் அவை ஏட்டுச்சுவடிகளோடு பாதுகாக்கப்பெற்றுள்ளன. அவற்றுள் முற்பட்ட காலத்தன அண்மைக் காலத்தில் ஆ. இரா. வேங்கடாசலபதியால் பதிப்பிக்கப்பெற்று வெளிவந்துள்ளன. தன்வரலாற்றின் கூற்றைப் பிறர் கையெழுத்தைக் கொண்டு சரிபார்க்கும் வாய்ப்பு தமிழில் வேறு எப்புலவர் திறத்தும் இவ்வளவு அமைந்ததில்லை எனலாம். பிரதி பேதம் குறித்துப் பாடம் தெளிந்த பதிப்பாசிரியர், தம் வாழ்க்கைக்கும் மூலச்சுவடிகளை விட்டுச் சென்றார்.

ஐயர்க்கிருந்த அவா யாது என்பதை அவர் எழுதாது விட்ட பகுதியே தெளிவாகக் காட்டும். தொடர் 122 அத்தியாயங்கள் அளவில் வந்து, மணிமேகலை வெளிவந்த 1898-ஐ ஒட்டிய காலத்தோடு நின்றது. அதன் பின் நாற்பத்துமூன்று ஆண்டு வாழ்க்கை எஞ்சியிருந்தது. 1903-இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறியது, 1919-இல் ஓய்வு பெற்றது, சிதம்பரம் மீனாட்சி தமிழ்க்கல்லூரித் தலைமை, பெருங்கதை (1924), குறுந்தொகை (1937) ஆகிய பதிப்புகள் யாவும் சொல்லப்படாதன. உலகம் பாராட்டிய பகுதி முழுதும் விடுபட்டது. வறுமையும் அலைச்சலும் கல்வியும் நிறைந்த பகுதி மட்டும் எழுதப்பெற்றது. அவர் வேண்டுமென்றே அவ்வாறு செய்தார் அல்லர், காலம் செய்தது. ஆயினும் ஊரும் முன்னோரும் ஆசிரியரும் என விரிவாக எழுதத் துணிந்த எண்பத்தைந்து வயதினர், முடிவு எட்டாமற் போகலாம் என எண்ணாதிருந்திருப்பார் என்று கொள்ளுதற்கில்லை. புகழின் பகுதியை விரைந்து எட்டுதற்காக இளமையின் பகுதியைச் சுருக்க வேண்டும் என அவர் கருதவில்லை என்பது மட்டும் தெளிவு.

1942-இல் சப்பானியர் குண்டு வீச்சினை அஞ்சிச் சென்னை மக்கள் பலர் ஊரைவிட்டு அகன்றபோது, ஐயரும் திருவல்லிக்கேணியில் 'தியாகராச விலாசம்' எனத் தாம் பெயரிட்டு வாழ்ந்த இல்லத்தை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்றார். அவ்வாண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் அங்குக் காலமானார். விகடனில் தொடர் மே மாதத்தோடு நின்றது.

இவர் காலத்தவரும் பின்வந்தோரும் இவ்வச்சத்தை வெவ்வேறு வகையாற் கடந்தனர். சிலர் பெயரிலேயே அடக்கம் காட்டினர். திரு. வி. க. 1944-இல் வெளியிட்ட பெருநூலுக்கு 'வாழ்க்கைக் குறிப்புக்கள்' என்றே பெயரிட்டார். அத்துணைப் பெரிய நூலைக் குறிப்பு என்றல் அவர்க்கே உரிய பணிவு. அதே ஆண்டில் நாமக்கல் கவிஞர் 'என் கதை' என்றார். பம்மல் சம்பந்த முதலியார் தம்மை விடுத்து மேடையை முன்னிறுத்தி 'நாடக மேடை நினைவுகள்' என்றார். வேறு சிலர் செய்யுளின் மறைவை நாடினர். வ. உ. சிதம்பரம் பிள்ளை தம் வாழ்வையும் சிறையையும் அகவலாற் பாடினார். அவர் மறைந்து பத்தாண்டு கழித்து 1946-இல் அது நூலாயிற்று. பாரதியார் இருபத்தெட்டு வயதும் நிரம்பாமுன் தம் இளமைக் காதலையும், இளமை மணத்தையும், தந்தையின் வறுமையையும் பாடி 1910-இல் 'கனவு' என வெளியிட்டார். மறு ஆண்டே சென்னை அரசாங்கம் அதனைத் தடை செய்தது. தற்புகழ் ஆகுமோ என்று தயங்கிய மரபில், தன்வரலாறு அரசுக்கே அச்சம் விளைத்த நிகழ்ச்சி இது.

நன்னூலார் கூறிய நான்காம் வாயில், மாற்றான் பழித்தபோது பேசுதல், நம் காலத்தில்தான் அகலத் திறந்தது. பாமா 1992-இல் வெளியிட்ட 'கருக்கு' இதற்குத் தக்க சான்று. துறவு மடத்தினின்று வெளிவந்த நிலையில், தலித் கிறித்துவப் பெண்ணாகத் தாம் வளர்ந்த சூழலையும் தாமும் தம்மவரும் பட்ட இழிவையும் ஊர்ப்பேச்சு நடையிலேயே அவர் எழுதினார். தம் இயற்பெயரையும் ஊர்ப்பெயரையும் நூலிற் காட்டவில்லை. காட்டாவிடினும் ஊரார் அறிந்துகொண்டனர். நூல் வெளிவந்த புதிதில் அவர்தம் சினத்தால் சில மாதம் ஊருக்குள் செல்ல இயலாதிருந்தது என்றும், நாளடைவில் அவர்களே அந்நூலைத் தம்முடையதாக ஏற்றனர் என்றும் அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார்.

ஐயரையும் இவரையும் ஒருங்கு வைத்து எண்ணுதல் சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஐயர்க்கு ஊரும் மடமும் ஆசிரியரும் பேசும் உரிமையை அளித்தன. பாமாவுக்கு ஊரே தடையாயிற்று, மடத்தை விட்டு நீங்கிய பின்னரே பேச்சுப் பிறந்தது. சார்ந்து நின்று பேசுதற்குப் பெரியோர் ஒருவரைப் பெறாதார், தம்மை ஒத்தாரின் துன்பத்தைச் சார்ந்து நின்று பேசினர். 'யான்' என்பது இரண்டு நூல்களிலும் தனித்து நிற்கவில்லை. ஆனால் ஐயர் இழக்கக்கூடியது புகழில் ஒரு பகுதி. பாமா இழக்கத் துணிந்தது பிறந்த ஊரை.

மீண்டும் ஐயர் நூலுக்கு வருவோம். 'என் சரித்திரம்' நூலுருப் பெற்றது 1950-இல். வெளியிட்டவர் அவர் புதல்வர் சு. கலியாணசுந்தரையர். ஒவ்வொரு பதிப்புக்கும் நீண்ட முகவுரை வரைந்து, அரும்பத அகராதியும் பிறவும் சேர்த்து, அச்சுப்படிகளைத் தம் கண்ணாற் கண்டு திருத்திய பெரியார், தம் வாழ்க்கை நூலின் ஒரு படியையும் நூலுருவிற் கண்டிலர். அதற்கு முகவுரை எழுதும் வாய்ப்பும் அவர்க்கு வாய்க்கவில்லை. நூலாசிரியன் பாயிரத்தைப் பிறரே உரைத்தல் வேண்டும் என்னும் விதி இவ்வாறு நிறைவேறியது. பாயிரத்துக்கு உரியராக நன்னூலார் எண்ணிய நால்வருள் மகன் இல்லை என்பது வேறு. எண்ணப்பட்டவருள் ஒருவராகிய மாணாக்கரும் பின்னர்த் தம் பங்கைச் செலுத்தினார். விடுபட்ட பிற்பகுதி வாழ்க்கையைக் கி. வா. ஜகந்நாதன் 'என் ஆசிரியப்பிரான்' என்னும் நூலால் நிரப்பினார். மாணாக்கராக நின்று ஆசிரியரைப் பாடிய ஐயர் ஆசிரியராக நின்ற காலத்தை அவர் மாணாக்கர் எழுதியமையால், ஒரு வாழ்க்கை இரு கைகளில் இரு வேறு இலக்கிய வகைகளாகக் கிடக்கின்றது. விகடன் இதழ்களில் வந்த வடிவத்தை 1950-ஆம் ஆண்டு நூல்வடிவத்தோடும், அவ்விரண்டனையும் பிள்ளையவர்கள் சரித்திரத்தில் வரும் ஒத்த நிகழ்ச்சிகளோடும் வரிக்கு வரி ஒப்பு நோக்குதல், ஐயர் தமக்கே பயின்ற பாடவேறுபாட்டு முறையை அவர் வாழ்க்கைக்குச் செலுத்துவதாக அமையும். முதுகலை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணி அது.